ஏழாம் பக்கத்தின் கடைசி வரி

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மாவாகப்போகிற எனக்குப் பதினாறு வயதுதான் ஆகிறது, பதினோராம் வகுப்பில் படிக்கிறேன். பிறக்காத பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது கிறுக்குத்தனம் என்று உனக்குத் தோன்றலாம். உன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது இதை உன் கையில் கொடுப்பதாக இருக்கிறேன். அப்போது எனக்கு வயதாகியிருக்கும், கோபம் ஆறியிருக்கும், அதெல்லாம் பழைய கதை, விடு என்று நானே உன்னிடம் சொல்லக்கூடும். பெரியவர்கள் அப்படித்தான் ஆகிவிடுகிறார்கள். ஆறுவதற்குள் எழுதி வைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நீ மகளாகவும் பிறக்கலாம். ஆனாலும் மகன் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு நாள் உன் மனைவியின் ரத்தப் பரிசோதனைக் காகிதம் அவள் கைக்குப் போகும் முன்பே உன் கைக்கு வரும். அன்றைக்கு நீ என்ன செய்வாய் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நாங்கள் டெல்லியில் லோதி ரோடு பக்கம் அரசாங்கக் குடியிருப்பில் இருக்கிறோம், இரண்டு அறை வீடு. அப்பா ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிற வேலையில் இருக்கிறார். பாராளுமன்றத்தில் யாராவது கேள்வி கேட்டால் அதற்குப் பதில் தயாரிப்பது அவர் பிரிவின் வேலை. இப்போது முன்னறையில் தூங்குகிறார். அம்மா உள்ளே எனக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். அப்பா என் கணக்கு நோட்டையும் இங்கிலீஷ் நோட்டையும் அவ்வப்போது புரட்டிப் பார்ப்பார். தமிழ் மார்க்கை வைத்து எந்தக் காலேஜிலும் சேர முடியாது என்பதால் தமிழ் நோட்டைத் தொடமாட்டார். அதனால் இதன் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன்.

உனக்கு முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம் தீபாவளி கழிந்ததிலிருந்து அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலித்தது. வாயு என்று நினைத்தாள். அப்பா வாயு மாத்திரை வாங்கிக் கொடுத்தார். சல்வார் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தபிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலில் மூன்று கட்டிகள். ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தது, பிறந்ததிலிருந்தே இருந்திருக்க வேண்டும் என்றார்கள். கிருமி உள்ளே உட்கார்ந்து வருடக்கணக்கில் தின்று, கடைசியில் புற்றுநோயாகியிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்க்கிறார், ஹிந்திக்காரர், என்னை பேட்டா என்று கூப்பிடுவார். அவர் முதல் நாளே கேட்டார், “பிரசவத்தப்ப இந்த டெஸ்ட் எடுக்கலையா?” அம்மா சொன்னாள், “டெல்லியிலேயே எல்லா டெஸ்டும் பாத்தாங்க. நார்மல்னு சொன்னாங்க.” யார் சொன்னார்கள் என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா அப்பாவைக் காட்டியிருப்பாள்.

அடுத்து எழுதுவதைப் படித்துவிட்டு நீ என்னை என்ன நினைத்தாலும் சரி. நோய் தெரிந்த முதல் இரண்டு வாரம் நான் அம்மாவின் டம்ளரில் தண்ணீர் குடிக்கவில்லை. அவள் தட்டைக் கழுவினால் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். தட்டிலோ டம்ளரிலோ இது ஒட்டாது, ரத்தம் வழியாகவும் பிரசவத்தின்போதும்தான் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயாலஜி படிக்கிற எனக்கு அது புரியவும் செய்தது. இருந்தும் கழுவினேன். அம்மா பார்த்தாள். மறுநாளிலிருந்து அவளே தன் டம்ளரைத் தனியாக ஜன்னல் மேடையில் வைத்துக்கொண்டாள். வீட்டிலிருக்கும் எல்லாருக்கும் பரிசோதனை செய்தார்கள். என் காகிதம் வந்தது. எனக்கும் இருக்கிறது. அந்த டம்ளரை எடுத்துவந்து மற்றவற்றோடு நான் வைத்தபோது அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து அழுதாள்.

என் உடம்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அவர் ஹிந்தியில் சொன்னதை உனக்குத் தமிழில் சொல்கிறேன். பெரியவர்களுக்கு இந்தக் கிருமி தொற்றினால் உடம்பு பெரும்பாலும் சண்டை போட்டு விரட்டிவிடும். பிறக்கும்போதே வந்துவிட்டால் குழந்தையின் உடம்புக்கு அது வெளியாள் என்று தெரியாது. வீட்டு ஆள் என்று இடம் கொடுத்துவிடும். ரத்தத்தில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும், கல்லீரல் பரிசோதனை மட்டும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் உள்ளே சண்டையே நடக்கவில்லை. பொறுத்துப்போகிற கட்டம் என்று அதற்குப் பெயர். பின்னால் என்றாவது உடம்பு விழித்துக்கொண்டு சண்டையைத் தொடங்கும். கல்லீரல் தழும்பாவது கிருமியைவிட அந்தச் சண்டையால்தான் அதிகம் என்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவுக்கு அந்தச் சண்டை அவளுக்கே தெரியாமல் பல வருடம் நடந்திருக்கிறது. அவள் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கில், கிருமியோடு மோதவேண்டிய காவல் அணுக்கள் களைத்துப்போய், மேலே பிரேக் பிடித்த மாதிரி ஒரு அடையாளத்தோடு நின்றிருந்தனவாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுகிற மருந்தில் ஒன்று அந்த பிரேக்கை எடுத்துவிடுவதற்கு. “அச்சா, அப்ப எங்கம்மா செல் எல்லாம் கவர்ன்மென்ட் ஆபீஸ் மாதிரி தூங்கிட்டு இருக்கு, எழுப்பி விடணும்,” என்று நான் சொன்னதற்கு டாக்டர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

அவருடைய காகிதம் அன்றைக்குத்தான் வந்தது. மகனே, இதை நிதானமாகப் படி, எல்லாம் இங்கேதான் திரும்புகிறது. கிருமி ஒருவர் உடம்புக்குள் எப்போதாவது நுழைந்து போயிருந்தால், அதன் உள்கருவை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய ஒரு எதிர்ப்பொருள் ரத்தத்தில் தடயமாக நின்றுவிடும். தடுப்பூசியில் இருப்பது கிருமியின் மேலுறை மட்டும். ஆகவே மேலுறைக்கான எதிர்ப்பொருள் இருந்து, உள்கருவுக்கானது இல்லை என்றால், அந்த ஆளைக் கிருமி தொட்டதே இல்லை, ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அப்பாவின் ரத்தம் அப்படித்தான் இருந்தது.

“அங்கிள்ஜி சேஃப்,” என்றார் டாக்டர். “எப்ப ஊசி போட்டீங்க?”

“ஆபீஸ்ல கேம்ப் போட்டாங்க. ரொம்ப வருஷம் ஆச்சு.”

அம்மா கேலியாகக் கேட்டாள், “எனக்குச் சொல்லவே இல்லையே? சொல்லியிருந்தா ஓசியில நானும் ஒண்ணு போட்டிருப்பேன்ல?”

அலுவலகத்தில் கேம்ப் என்றால் கண் பரிசோதனையோ பல் பரிசோதனையோ, எங்கள் இருவரையும் விடியற்காலையிலேயே எழுப்பி வரிசையில் முதல் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்துகிறவர் அப்பா. இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் தனியாகப் போனார் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்துக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துச் சப்பாத்தி சாப்பிடும்போது கேட்டேன்.

“அப்பா, அந்த ஊசி கேம்ப் எப்ப நடந்துச்சு?”

“ஏன்?”

“என் ஃபைல்ல டாக்டர் எழுதணுமாம்.”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடி. சாப்பிடு, ஜல்தி.”

டாக்டர் அப்படி எதுவும் கேட்கவில்லை. அவர் தொண்டையில் சப்பாத்தி நின்றதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். அப்பா எந்தக் காகிதத்தையும் கிழிக்க மாட்டார். கரண்ட் பில்லிலிருந்து என் எல்.கே.ஜி. ரிப்போர்ட் வரை எல்லாவற்றையும் துளை போட்டு, டேக் கட்டி, வலது மேல் மூலையில் சிவப்பு மையில் பக்க எண் போட்டு வைத்திருப்பார். ஒரு பக்கம் காணாமல் போனால் அலுவலகத்தில் மெமோ வாங்க வேண்டிவரும், அந்தப் பழக்கம். பீரோவின் மேல் இருந்த சூட்கேஸை இறக்கி, அம்மா என்னைச் சுமந்தபோது பார்த்த ஃபைலை எடுத்தேன். ஆறாம் பக்கத்துக்கு அடுத்து எட்டாம் பக்கம் இருந்தது. ஏழாம் பக்கம் ‘பலவகை’ என்று எழுதிய இன்னொரு ஃபைலில் இருந்தது. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பழக்கத்தில் எண் போட்டுவிட்டு, பிறகு உருவியிருக்கிறார். அம்மாவின் பெயர், வயது, ஆறாம் மாதம். கிருமி இருக்கிறது. வேகமாகப் பெருகுகிற நிலையில் இருக்கிறது. அடியில் அந்தக் காலத்து டாக்டர் ஒருவர் பேனாவால் இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தார். பிறந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி, எதிர்ப்பொருள் ஊசி இரண்டும் போடவேண்டும், தவறக்கூடாது. அதற்குப் பின்னால் அப்பாவின் தடுப்பூசி அட்டை. மூன்று தேதிகள். முதல் தேதி ரிப்போர்ட் வந்த அதே வாரம். மூன்றாவது ஊசிக்கு அவர் கையை நீட்டியபோது எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.

தலைப்பிரசவம் அம்மாவின் ஊரில்தான் என்பது எங்கள் வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு மாயவரத்துக்கு ரயிலேற்றினார்கள். ஃபைலை அப்பாதான் அழகாகக் கட்டிக் கொடுத்தார். டெல்லியில் பார்த்திருக்கிறார்கள், சரியாகத்தான் பார்த்திருப்பார்கள் என்று அங்கிருந்த சின்ன நர்ஸிங் ஹோமில் எந்தப் பரிசோதனையையும் திரும்பச் செய்யவில்லை. நான் பிறந்தேன். ஒரு ஊசியும் போடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது அப்பா சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். இப்போது சமையல் அவர்தான். ஏழாம் பக்கத்தை மாவுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் கை முழுக்க மாவு, எடுக்க முடியவில்லை.

“இது உனக்கு எப்படிக் கெடைச்சுது?”

“ஆறுக்கப்புறம் எட்டு இருந்துச்சு.”

“மெதுவா பேசு. அம்மா தூங்குறா.”

“அம்மாகிட்ட ஏன் சொல்லல?”

“எங்க வீட்ல தெரிஞ்சா அவளை ஊர்லயே விட்டுட்டு வான்னு சொல்லியிருப்பாங்க பாப்பா. அப்ப இருந்த நெலமை உனக்குத் தெரியாது. அவளைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்.”

“ஊசி போட்டது யாரைக் காப்பாத்த?”

குழாயைத் திறந்து கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். “கொழந்தை பொறந்ததும் போன் பண்ணிச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீ மூணு வாரம் முன்னாடியே பொறந்துட்ட. தகவல் வந்து, ரயில் பிடிச்சு வந்து சேரவே ரெண்டு நாள் ஆயிடுச்சு. டாக்டர் சொன்ன நேரம் தாண்டிடுச்சு. அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?”

நான் அவசரப்பட்டுப் பிறந்ததுதான் தப்பு என்பதுபோல் சொன்னார். தகவல் வந்த போனிலேயே அவர் சொல்லியிருக்கலாம். என்னை விடு, எனக்கு நேரம் தாண்டிவிட்டது. அம்மாவுக்கு எந்த நேரம் தாண்டியது? ஆறு மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும், வேண்டிய நேரத்தில் தினம் ஒரு மாத்திரையும் இருந்திருந்தால் கட்டியைக் கடுகளவில் பிடித்திருக்கலாம், ஒருவேளை வராமலேகூட இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பதினாறு வருடம், எந்த நாளும் சொல்லியிருக்கலாம். ஆயிரக்கணக்கான நாட்கள். ஒவ்வொரு நாளும் அவள் அவருக்கு டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

“இப்ப இருக்கற நெலமையில இது தெரிஞ்சா அவ ஒரு மாசம்கூடத் தாங்க மாட்டா. உன் கையிலதான் இருக்கு,” என்றார் அப்பா. நான் பயந்துவிட்டேன். எட்டு நாள் நானும் மறைத்தேன், மகனே. மறைப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. எதுவும் செய்ய வேண்டாம். தட்டு வைக்கலாம், தலை வாரிக்கொள்ளலாம், பள்ளிக்கூடம் போகலாம். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சொல்லக் கஷ்டமாகும், அவ்வளவுதான். அவர் பதினாறு வருடத்தைக் கடந்தது இப்படித்தான். உனக்கு நான் சொல்லும் புத்திமதி ஒன்றுதான். மனைவியின் காகிதம் உன் கைக்கு வந்தால் அன்று சாயங்காலத்துக்குள் அவள் கைக்குப் போய்விட வேண்டும். அவள் நல்லதுக்கு என்று யோசிக்க ஆரம்பித்தாயானால், நீ உன் நல்லதைத்தான் யோசிக்கிறாய்.

ஒன்பதாம் நாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னாலதான்டா உனக்கு இது வந்துச்சு. என்னை மன்னிச்சுடு,” என்றாள். வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா உள்ளே வந்து, “அவ மேல என்ன தப்பு பாப்பா? தெரிஞ்சா குடுத்தா? அவளை எதுவும் சொல்லாத,” என்று அவளுக்காகப் பரிந்து பேசினார். அவளை மன்னித்துவிட்ட முகத்தோடு நின்றார். அந்த நிமிஷம்தான் முடிவு செய்தேன்.

மருந்து ஏற்றுகிற நாள். பெரிய கூடத்தில் வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒருவர், ஒவ்வொருவர் கையிலும் ஊசி. அப்பா டீ வாங்கப் போயிருந்தார். பள்ளிப் பையிலிருந்து ஏழாம் பக்கத்தை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தேன். அம்மா பி.காம். படித்தவள், இங்கிலீஷ் தெரியும். மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். தேதியைப் பார்த்தாள். கடைசி வரியின் மேல் விரலை வைத்து, “இது டாக்டர் கையெழுத்தா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஊசி அட்டையையும் கொடுத்தேன். அழுவாள் என்று பயந்தேன், அழவில்லை. டீயோடு வந்த அப்பா அவள் மடியைப் பார்த்துவிட்டு நின்றார்.

“இதக் கொஞ்சம் எனக்குப் படிச்சுக் காட்டுங்க,” என்றாள்.

“இங்க வேணாம். வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.”

“பேச ஒண்ணும் இல்ல. படிங்க. சத்தமா.”

படித்தார். பக்கத்து நாற்காலிக்காரர் தன் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். கடைசி வரிக்கு முன்னால் அப்பா நிறுத்தினார்.

“இன்னும் ஒரு வரி இருக்கு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.”

அதையும் படித்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, “இன்னொரு தடவை,” என்றாள். மூன்றாவது தடவை படிக்கும்போது நர்ஸ் வந்து, “பாய்சாப், சத்தம் குறைங்க, பேஷன்ட்ஸ் இருக்காங்க,” என்றாள்.

அதோடு முடியவில்லை. அம்மா தினமும் காலை எட்டு மணிக்குக் கிருமிக்கான மாத்திரை சாப்பிடுகிறாள். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, “படிங்க,” என்பாள். அப்பா ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு படிக்க வேண்டும். படித்தபிறகுதான் மாத்திரையை விழுங்குவாள். ஒரு நாள் உட்கார்ந்தபடி ஆரம்பித்தார். “பார்லிமென்ட்ல மந்திரி எழுந்து நின்னுதானே பதில் படிப்பாரு? நீங்கதானே எழுதிக் கொடுக்கறீங்க, தெரியாதா?” என்றாள். எழுந்து நின்றார். இன்னொரு நாள் கடைசி வரியைத் தாவப் பார்த்தார். “முழுசா,” என்றாள், அவ்வளவுதான். நான் பள்ளிப் பையோடு கதவருகே நின்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். அவர் குரல் உடைவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டாள் என்றாரே, அம்மா மூன்று மாதமாகத் தாங்குகிறாள். இதற்காகவே எழுந்து உட்காருகிறாள் என்றுகூட நினைக்கிறேன்.

ஆனால் போன வாரத்து ஸ்கேனில் கட்டிகள் சுருங்கவில்லை. ஒன்று வளர்ந்திருக்கிறது. எழுப்பிவிட்டும் அந்த அணுக்கள் எழுந்திருக்கவில்லை. மருந்தை மாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். இன்று சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார்.

“அந்தப் பேப்பரை எடுத்து எங்கயாவது வெச்சுடு பாப்பா. அம்மா கேட்டா காணோம்னு சொல்லிடு. நானா கிழிக்க மாட்டேன், எனக்குக் கை வராது.”

“மாட்டேன்.”

“அவளுக்கப்புறம் உனக்கு நான் மட்டும்தானே இருப்பேன்?”

கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அது உண்மை. என் ரத்தப் பரிசோதனைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னோடு வரப்போவது அவர்தான். கையெழுத்துப் போடப்போவதும் அவர்தான். என் காகிதமும் முதலில் அவர் கைக்குத்தான் வரும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் தலையணைக்கு அடியிலிருந்து ஏழாம் பக்கத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள். “எனக்கப்புறம் நீ கேளு,” என்றாள். “விட்டுடாத. விட்டுட்டா நான் கேட்டதெல்லாம் வீண்.” பக்கம் இப்போது இந்த நோட்டுக்கு அடியில் இருக்கிறது.

நான் கேட்பேன். நாளைக்கே ஆஸ்பத்திரியில் என் பதிவில் அவர் போன் நம்பரை அடித்துவிட்டு என் நம்பரை எழுதச் சொல்லப்போகிறேன். நீ பிறக்கும் நாளில் என் காகிதம் என் கையில்தான் இருக்கும். உனக்கு இரண்டு ஊசியும் போட்டதை என் கண்ணால் பார்த்தபிறகுதான் உன் முகத்தைப் பார்ப்பேன். நீ வளர்ந்ததும் உன் ரத்தத்தைப் பரிசோதித்தால் மேலுறைக்கான எதிர்ப்பொருள் மட்டும் இருக்கும், அவர் ரத்தத்தில் இருப்பதுபோலவே. அந்த ஒற்றுமையை என்னால் தடுக்க முடியாது. அதனால்தான் இதை உனக்கு எழுதினேன்.

உன் கல்யாணத்தின்போது அவர் உயிரோடிருந்தால் மிகவும் வயதாகியிருக்கும். பாவம், வயசானவர், விட்டுவிடு என்று யாராவது சொல்வார்கள். நானே சொல்லலாம். கேட்காதே. உன்னை மணக்கப்போகிறவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். அவர் கையில் ஏழாம் பக்கத்தைக் கொடு. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தே படிக்கட்டும். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்துவார். கண்ணாடியைத் துடைப்பார், தண்ணீர் கேட்பார். தண்ணீர் கொடு. அந்த வரியை மட்டும் எடுத்துக் கொடுக்காதே. அவராகப் படிக்கும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

உன் அம்மா